பெரிய அத்தை எந்தத் துறையில் இறங்கினார்? தலைமன்னார்க் கப்பல் வழி பற்றி ஒரு கேள்வி

கேள்வி: நோர்வூட் டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். நான் நோர்வூட் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். வயதில் மூத்தவர்கள் பலர் இங்கே எழுதுவதால், எங்கள் குடும்பத்தில் நெடுங்காலமாகத் தீராமல் கிடக்கும் ஒரு சந்தேகத்தைக் கேட்கத் துணிந்தேன்.

1974ஆம் ஆண்டு என் அப்பாவுக்குப் பதின்மூன்று வயது. அவரை இடுப்பில் தூக்கி வளர்த்த மூத்த அக்கா, அதாவது என் பெரிய அத்தை, தம் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் அந்த ஆண்டு இந்தியாவுக்குப் போனார். அவர்களுக்கு இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. எங்கள் தாத்தா இலங்கைக்கு மனுப் போட்டிருந்தார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு அறைகளில்) இருந்தவர்கள் அப்படித்தான் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். ஹட்டன் ஸ்டேசன் வரைக்கும் கூடப் போன அப்பா, கோச்சியின், அதாவது புகையிரதத்தின், கடைசிப் பெட்டி ரொசெல்லைப் பக்கத்து வளைவில் மறையும் வரை அங்கேயே நின்றிருக்கிறார். அதற்குப் பிறகு அக்காவுக்கு என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது. முதல் சில ஆண்டுகள் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. அத்தை இறந்த செய்தியே, அவருடைய பேரன் மூன்று ஆண்டுகளுக்கு முன் முகநூல் வழியாக எங்களைத் தேடிக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு எட்டியது.

இப்போது அப்பாவுக்கு ஒரே ஆசைதான் இருக்கிறது. முழங்கால் ஒத்துழைக்கும்போதே தலைமன்னாருக்குப் போய், அக்கா கப்பலேறிய இடத்தில் ஒரு தடவை நிற்க வேண்டும் என்கிறார். கோச்சியில் இருந்து கப்பலுக்கு எப்படி மாறினார்கள், அந்தக் கப்பலின் பெயர் என்ன, கடலில் எத்தனை மணி நேரம் போனது, அக்கரையில் எங்கே இறங்கினார்கள் என்பதையெல்லாம் போகும் முன்பே தெரிந்துகொள்ள விரும்புகிறார். எங்கள் வீட்டில் எல்லோரும் "தனுஷ்கோடியில் இறங்கி, கேம்பில் இருந்து, ஊருக்குப் போனார்கள்" என்றுதான் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் எங்கள் பாடசாலையின் வரலாற்று ஆசிரியர், 1974இல் தனுஷ்கோடி என்று ஓர் ஊரே இருக்கவில்லை என்கிறார். அப்படியானால் எங்கள் வீட்டுக் கதை பிழையா? அறிந்தவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: நாவலப்பிட்டி பழைய கோச்சிக்காரர்

டீச்சர், உங்கள் பாடசாலை ஆசிரியர் சொன்னது சரி. 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனில் இருந்து அங்கே போய்க்கொண்டிருந்த பயணிகள் கோச்சியையும் அதில் இருந்தவர்களையும் கடல் கொண்டு போனது. பாம்பன் பாலத்தைச் சில வாரங்களிலேயே திருத்திவிட்டார்கள். தனுஷ்கோடிக்குப் போகும் தண்டவாளத்தைத் திரும்பப் போடவே இல்லை. மலையக மக்களை இரண்டு நாடுகளுக்கும் பிரித்த சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி. அதை நடைமுறைப்படுத்தும் சட்டம் இங்கே 1967இல்தான் வந்தது. ஆகவே அந்த ஒப்பந்தத்தின் கீழ் அனுப்பப்பட்ட ஒருவர்கூடத் தனுஷ்கோடியில் இறங்கியிருக்க முடியாது. உங்கள் அத்தை இறங்கியது இராமேஸ்வரத்தில்.

நான் 1972இல் இருபது வயதில் புகையிரத வேலைக்குச் சேர்ந்து, முதல் சில ஆண்டுகள் பொல்கஹவெலச் சந்தியில் பார்சல் பகுதியில் இருந்தேன். உங்கள் அத்தையின் குடும்பம் என் கண் முன்னால் போயிருக்கவும் கூடும். பதுளை, நானுஓயா, ஹட்டன், கண்டிப் பக்கங்களில் இருந்து வருகிறவர்கள் பொல்கஹவெலையில் இறங்கி, கொழும்பில் இருந்து வரும் தலைமன்னார் இரவுத் தபால் கோச்சிக்குக் காத்திருப்பார்கள். அது மாகோ, அனுராதபுரம், மதவாச்சி வழியாகப் போய், விடியும் நேரத்தில் மன்னார்த் தீவுக்குள் நுழையும். காத்திருக்கும் நேரத்தில் ஒவ்வொரு குடும்பமும் தன் தகரப் பெட்டிகளைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்துகொள்ளும். பெட்டியின் மேல் வெள்ளைப் பெயின்றில் குடும்பத் தலைவரின் பெயரும் தோட்டத்தின் பெயரும் எழுதியிருக்கும். பிள்ளைகள் கம்பளிக்குள் உறங்குவார்கள். மலையில் இருந்து வந்த கோச்சியை ஒப்பாரிக் கோச்சி என்று சனங்கள் சொன்னது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பொல்கஹவெலையில் ஒப்பாரி கேட்காது. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் அழுது முடித்து வந்தவர்கள் இங்கே பேச்சே இல்லாமல் இருப்பார்கள். எனக்கு அழுகையைவிட அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

ஒரு தாய், குழந்தையை ஏணை கட்டும் சேலைத் துண்டில் எதையோ கட்டித் தோளில் மாட்டியிருந்தார். பாரம் தாங்காமல் தோள் சாய்ந்திருந்ததைக் கண்டு, பெட்டிக்குள் வைக்கலாமே அம்மா என்றேன். அவிழ்த்துக் காட்டினார். உள்ளே இருந்தது அம்மிக் குழவி. அம்மியை லயத்திலேயே விட்டுவிட்டுக் குழவியை மட்டும் கொண்டு போகிறார். "அம்மி அங்கேயும் கிடைக்கும் தம்பி, இது எங்கம்மா கை பட்டது" என்றார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் குழவியின் நடுப்பகுதி தேய்ந்து மெலிந்திருந்த விதம் எனக்கு நினைவில் இருக்கிறது.

மாறும் விதத்தைக் கேட்டீர்கள். கோச்சி ஊருக்குள் நின்றுவிடுவதில்லை. தண்டவாளம் கடலோரத்தில் இறங்குதுறை வரைக்கும் போகும். அதனால்தான் அந்த ஸ்டேசனுக்கு இன்றும் தலைமன்னார் பியர் என்று பெயர். 1914இல் பாம்பன் பாலத்தைத் திறந்து, இரண்டு நாட்டுக் கோச்சிப் பாதைகளையும் கப்பலால் இணைத்தபோது அப்படித்தான் திட்டமிட்டார்கள். சென்னை எழும்பூரில் டிக்கெட் எடுத்த ஒருவர் கொழும்புக் கோட்டை வரைக்கும் அதே டிக்கெட்டில் வரலாம். கடலும் அந்தப் பாதையில் ஒரு பகுதி, அவ்வளவுதான். அதற்கு முன்னர் தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்கு நேரே கப்பல் வந்தது. தனுஷ்கோடிக் காலத்தில் ஓடிய இர்வின், கோஷன் என்ற நீராவிக் கப்பல்களைப் பற்றி எனக்கு மேலதிகாரிகளாக இருந்தவர்கள் பேசுவார்கள். எங்கள் காலத்தில் ஓடியது இராமானுஜம். உங்கள் அத்தை ஏறிய கப்பல் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மறுமொழி: பண்டாரவளை

கோச்சிக்கார ஐயா மன்னிக்க வேண்டும். என் அப்பாயியும் தனுஷ்கோடி என்றுதான் சொன்னார். மணலில் நடந்ததையும், காலில் சூடு பட்டதையும், தூரத்தில் மாதா கோயில் தெரிந்ததையும் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்கிறவர் அல்லர். புயல் அடித்த பிறகும் யாராவது அங்கே போயிருக்க மாட்டார்களா?

மறுமொழி: நாவலப்பிட்டி பழைய கோச்சிக்காரர்

தம்பி, உங்கள் அப்பாயி பொய் சொன்னார் என்று நான் எண்ணவே இல்லை. அவர் எந்த ஆண்டு, எந்தத் திசையில் கடலைக் கடந்தார் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். புயலுக்கு முன் என்றால் அவர் சொன்னது அத்தனையும் சரி.

மறுமொழி: மாத்தளைக்காரன்

இந்த இடத்தில்தான் விடயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நம் வீடுகளில் இரண்டு கடல் பயணங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஒன்று வந்த பயணம், மற்றது போன பயணம். தாத்தாவும் பாட்டியும் தனுஷ்கோடி வழியாக வந்தார்கள். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இராமேஸ்வரம் வழியாகப் போனார்கள். இரண்டையும் ஒரே அடுப்படியில் இருந்து கேட்டு வளர்ந்த சிறுவனுக்கு ஒரே கப்பலாகத்தான் தெரியும். டீச்சரின் அப்பா அக்காவைத் தனுஷ்கோடியில் இறக்கியதும் அப்படித்தான் இருக்கும். அவருடைய தாத்தா எந்த ஆண்டு வந்தார் என்று விசாரித்தால் விளங்கும்.

வந்த பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதியுங்கள், ஏனென்றால் 2023ஆம் ஆண்டு, மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்த 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடந்தவர்களில் நானும் ஒருவன். ஜூலை 28ஆம் திகதி தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி எங்கள் ஊரில் முடிந்தது. பதினாறு நாட்கள், நல்ல செருப்போடு, வழி நெடுகத் தண்ணீர் கொடுக்க ஆட்களோடு நடந்தோம். அப்படி இருந்தும் மதவாச்சியைக் கடந்த பிறகு என் பாதங்கள் வெடித்துவிட்டன. கோப்பிக் காலத்தில் வந்தவர்களுக்கு அது காட்டுப் பாதை. பாம்பன் பக்கத்தில் இருந்தும் தமிழ்நாட்டின் மற்றக் கரைகளில் இருந்தும் தோணியிலும் பாய்க்கப்பலிலும் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொண்டு போயின. கோப்பி பறிக்கும் பருவத்துக்கு வந்து, முடிந்ததும் திரும்பிப் போனதால், இந்தக் கடலையும் காட்டையும் ஒருவரே பல தடவை கடந்திருக்கிறார். தேயிலை வந்த பிறகுதான் ஆண்டு முழுக்க வேலை இருந்ததால் குடும்பத்தோடு தங்கினார்கள்.

பிறகு தகரத் துண்டு வந்தது. டின் டிக்கெட் என்று சொல்வார்களே, தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த சிறு வட்டத் தகடு, அதைக் கழுத்தில் கட்டி அனுப்பினால் வழியில் யாரும் பணம் கேட்க மாட்டார்கள். ஆனால் வழிச் செலவு முழுவதும் தோட்டத்துக் கணக்கில் ஏறி, பிறகு அந்தத் தொழிலாளியின் சம்பளத்தில் இருந்தே கழிபடும். கடலைக் கடந்து முடிக்கும்போதே ஒருவர் கடன்காரராகிவிடுகிறார். ஆள் சேர்த்துக் கூட்டி வந்த கங்காணிமாரிடம் வாங்கிய முன்பணமும் அதோடு சேரும். நான் ஒரு தகட்டைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது, ஓட்டைக்குள் கயிறு உராய்ந்து ஓரம் மழுங்கியிருந்தது.

டீச்சர் வீட்டுக் கதையில் வரும் கேம்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மண்டபம் கேம்ப் இருப்பது இந்திய மண்ணில், ஆனால் அதை நடத்தியது அந்தக் காலத்து இலங்கை அரசாங்கம். இங்கே தொழிலுக்கு வருகிறவர்கள் நோயைக் கொண்டுவந்துவிடக் கூடாது என்று, சில நாட்கள் அங்கே நிறுத்தி வைத்து, வைத்தியர் பார்த்து, அம்மைப்பால் குத்திய பிறகே கப்பலுக்கு விட்டார்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து திரும்பிப் போனவர்களை வைத்ததும் அதே கேம்பில்தான். 1983க்குப் பிறகு அகதிகளாகப் போனவர்களும் அங்கேதான் தங்கினார்கள். தாத்தா ஊசி போட்டுக்கொண்ட இடத்தில் பேத்தி அரிசிக்கு வரிசையில் நின்றிருக்கிறாள். ஆகவே கேம்ப் இரண்டு கதைகளுக்கும் பொது. தனுஷ்கோடி முதலாவதற்கு மட்டும் உரியது.

மறுமொழி: கோத்தகிரியில் இருக்கும் பூண்டுலோயாக்காரி

டீச்சர் அம்மா, நான் பிறந்தது பூண்டுலோயாவில். 1976இல், ஒன்பது வயதில், அம்மா, அப்பா, மூன்று தம்பிமாரோடு கப்பலில் வந்தவள் நான். இன்று நீலகிரியில் இருக்கிறேன், இங்கேயும் தேயிலைதான். உங்கள் அத்தை கண்ட கடலை நானும் கண்டிருக்கிறேன் என்பதால் எனக்கு நினைவில் நிற்பதை எழுதுகிறேன். உங்கள் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

கோச்சியில் விழித்துப் பார்த்தபோது மலையே இல்லை. அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் தட்டையாக, மணலும் பனையும் முள்மரமுமாக இருந்தது. கழுதைகள் தண்டவாளத்தோரம் நின்றன. நான் அதற்கு முன் கழுதையைக் கண்டதில்லை. இறங்கியவுடன் காற்றில் உப்பு வாடையும் கருவாட்டு வாடையும் கலந்து வந்தன. கலங்கரை விளக்கத்தைக் கண்டு என் கடைசித் தம்பி அதைக் கோயில் கோபுரம் என்று கும்பிட்டான்.

அதன் பின் சோதனை. பெட்டிகளை அவிழ்த்து, துணிகளை வெளியில் எடுத்து, திரும்ப அடுக்க அம்மாவுக்கு வெகுநேரம் ஆனது. எங்கள் பாட்டி அம்மாவுக்குக் கொடுத்த ஒரு சோடித் தோட்டை அங்கே இருந்த ஒருவர் வாங்கிப் பார்த்தார். அது திரும்பி வரவில்லை. அப்பா ஏதும் பேசாமல் பெட்டியை மூடினார். அம்மா சாகும் வரைக்கும் கடலைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் அந்தத் தோட்டைத்தான் சொல்வார். கப்பலை விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை என்பதை உங்கள் அப்பா விளங்கிக்கொள்வார்.

கப்பலுக்குள் எண்ணெய் வாடை. எங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் கீழே, பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்தோம். நகரத் தொடங்கியதும் வாந்தி தொடங்கியது. அம்மா தாவணி முனையில் முடிந்து வைத்திருந்த எலுமிச்சங்காயை நகத்தால் கீறி ஒவ்வொருவர் மூக்கிலும் வைத்தார். அப்பா என்னை மட்டும் மேலே கூட்டிக்கொண்டு போனார். ஒரு பக்கத்தில் கடல் கரும்பச்சையாகவும், தூரத்தில் மணல் திட்டுகள் இருக்கும் பக்கம் வெளிறிய பச்சையாகவும் இருந்தது. அந்தத் திட்டுகளைக் காட்டி, இராமர் அணை கட்டிய இடம் என்று அப்பா சொன்னார். நான் திரும்பிப் பார்த்து, நம் மலை எங்கே என்று கேட்டேன். மலை அங்கிருந்து தெரியாது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா பதில் சொல்லவில்லை. மூன்று மணி நேரத்துக்கு மேல் போயிருக்கும், இராமேஸ்வரக் கோயில் கோபுரம் தெரிந்தது.

இராமேஸ்வரத்தில் இருந்து மண்டபத்துக்கு மறுபடியும் கோச்சி. அப்போது பாம்பனைக் கடக்க ரோட்டுப் பாலம் கிடையாது, 1988இல்தான் அது திறந்தது. ஆகவே எல்லோரும் தண்டவாளப் பாலத்தில்தான் போனோம். இரண்டு பக்கமும் சுவரோ கம்பியோ இல்லாத பாலத்தில், கடலுக்குச் சற்று மேலே கோச்சி ஊர்ந்து போனபோது, திரும்பவும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்து என் தம்பி அழுதான். கேம்பில் நாங்கள் இருந்தது சில வாரங்கள். குடும்ப அட்டையைப் பார்த்து யாரை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்வார்கள். எங்களைத் தேயிலைக்கு என்று நீலகிரிக்கு அனுப்பினார்கள், கப்பலில் சிநேகமான ஒரு குடும்பத்தைக் கேரளத்து றப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். இன்றைக்கும் இங்கே எங்களைச் சிலோன்காரர் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே இருந்தபோது இந்தியாக்காரர் என்றார்கள்.

டீச்சர் அம்மா, உங்கள் அத்தையின் பேரனிடம் இரண்டு விடயம் கேளுங்கள். பழைய கடவுச்சீட்டு வீட்டில் இருந்தால் அதில் தலைமன்னாரில் இருந்து புறப்பட்ட நாளின் முத்திரை இருக்க வேண்டும். குடும்ப அட்டையையும் யாரும் எறிந்திருக்க மாட்டார்கள், எங்கள் சனம் அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கும். உங்கள் வீட்டில் அத்தையின் முதல் கடிதம் இருந்தால் உறையில் தபால் முத்திரையைப் பாருங்கள். கேம்பிலேயே தபாற்கந்தோர் இருந்தது.

மறுமொழி: நோர்வூட் டீச்சர்

கோத்தகிரி அக்கா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எலுமிச்சங்காய் வரைக்கும் பேசாமல் கேட்டவர், அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி இஸ்தோப்புத் திண்ணைக்கு எழுந்து போய்விட்டார். ஹட்டன் ஸ்டேசனில் அத்தையின் கையில் எலுமிச்சங்காய் கொடுத்தது அவராம். பாட்டி கொடுத்தனுப்பியதாம். இத்தனை ஆண்டுகளில் எங்களிடம் அவர் அதைச் சொன்னதே இல்லை.

மாத்தளை அண்ணன் சொன்னது போலவே இருக்கிறது. அப்பாவின் தாத்தா 1920களில் திருச்சிப் பக்கத்தில் இருந்து தனுஷ்கோடி வழியாக வந்தவர் என்று பெரியப்பா உறுதியாகச் சொல்கிறார். மணலில் நடந்த கதை அவருடையது. அத்தையின் கடிதங்களில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. முத்திரையில் மண்டபம் என்ற பெயர் மட்டும் தெளிவாக இருக்கிறது. தனுஷ்கோடி என்ற சொல் கடிதத்தில் எங்குமே இல்லை. "கப்பல்ல புள்ளைங்க மயங்கிட்டாங்க, இப்ப சொகம், வாசல்ல இருக்கிற கொய்யாக் கன்னுக்குத் தம்பிய தண்ணி ஊத்தச் சொல்லுங்க" என்று எழுதியிருக்கிறார்.

இன்னொரு கேள்வி இருக்கிறது. அப்பாவைத் தலைமன்னாருக்குக் கூட்டிப் போனால் அங்கே பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா? கப்பல் திரும்ப ஓடுகிறதா என்றும் கேட்கிறார்.

மறுமொழி: ஹாலிஎலவில் பிறந்து மன்னாரில் இருப்பவன்

மிச்சம் இருக்கிறது, ஆனால் மனதைத் தயார்படுத்திக்கொண்டு கூட்டி வாருங்கள். கப்பல் 1980களின் முற்பகுதியில் யுத்தத்தோடு நின்றது. பிறகு கோச்சியும் நின்று, தண்டவாளமே இல்லாமல் போய், 2015 மார்ச் 14ஆம் திகதிதான் தலைமன்னார் பியர் வரைக்கும் கோச்சி திரும்ப ஓடத் தொடங்கியது. ஆகவே அக்கா போன அதே பாதையில், பொல்கஹவெலையில் மாறி, அப்பாவைக் கோச்சியிலேயே கூட்டி வரலாம். நேர அட்டவணை அடிக்கடி மாறுவதால் புறப்படும் முன் ஹட்டன் ஸ்டேசனில் விசாரியுங்கள். பழைய இறங்குதுறையின் இரும்புத் தூண்கள் துருப்பிடித்துக் கடலுக்குள் நிற்கின்றன. மேலே ஏறி நடக்க முடியாது. கலங்கரை விளக்கம் இருக்கிறது. பக்கத்தில் மீனவர்களின் வள்ளங்கள் கிடக்கும். அது கடற்படையின் கண்காணிப்பில் உள்ள இடம், வயோதிபரைக் கூட்டி வந்திருக்கிறோம் என்று தன்மையாகச் சொல்லி, எதுவரை போகலாம், எங்கே படம் எடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

இந்தப் பாதையில் கப்பல் திரும்ப ஓடவில்லை. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் பயணிகள் கப்பல் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கியது. அத்தையின் பேரன் வர விரும்பினால் அந்த வழி ஒன்றிருக்கிறது. ஆனால் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அதையும் நிறுத்துவார்கள். வடகீழ்ப் பருவக்காற்று பாக்கு நீரிணைப் பக்கத்தை நேரே தாக்கும். எந்தக் காலத்திலும் இந்தக் கடலில் அந்தப் பருவத்தில் கப்பலை நம்பி நாள் குறிக்க முடியாது.

மறுமொழி: நோர்வூட் டீச்சர்

பேரன் நேற்று இரவு கடவுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார். கோத்தகிரி அக்கா சொன்னபடியே சாமிப் படத்துக்குப் பின்னால்தான் இருந்ததாம். தலைமன்னார் முத்திரையில் 1974 ஒக்டோபர் 18 என்று தெளிவாக இருக்கிறது. ஹட்டனில் கோச்சியேறியது ஒக்டோபர் 15, பின்னேரம். தாத்தா அதைத் தம் கொழுந்துக் கணக்குக் கொப்பியின் கடைசித் தாளில் குறித்து வைத்திருக்கிறார். கோச்சிக்கார ஐயா சொன்ன கணக்கின்படி 16ஆம் திகதி காலையில் அவர்கள் தலைமன்னாரில் இறங்கியிருக்க வேண்டும். அப்படியானால் கப்பலேறும் வரை இரண்டு இரவுகள் அங்கே இருந்திருக்கிறார்கள். மறுநாளே அக்கரைக்குப் போய்விட்டதாகத்தான் அப்பா இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

அக்கா இந்த நாட்டிலேயே இருந்த இரண்டு நாட்களில் தான் கொய்யாக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றினேனா என்று அவருக்கு நினைவில்லை என்கிறார். காற்றால் கப்பல் தாமதித்ததா, கப்பல் நாளே அன்றுதானா, கைக்குழந்தைகளோடு எங்கே படுத்திருப்பார்கள் என்று காலையில் இருந்து என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாவலப்பிட்டி ஐயாவோ, மன்னார்த் தம்பியோ, அப்படிக் காத்திருந்தவர்கள் தங்கிய மடம், கொட்டகை ஏதாவது இருந்ததா என்று அங்குள்ள முதியவர்களிடம் கேட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும். பாடசாலை விடுமுறையில் புறப்படுகிறோம். ஒரு நாளில் போய்த் திரும்பலாம் என்று சொல்லியிருந்த அப்பா, இப்போது தலைமன்னாரில் இரண்டு இரவு தங்குவதற்கு இடம் பார்க்கச் சொல்கிறார்.